தெர்மாகோல் சாவி

"அண்ணாச்சி, நம்ம ஊழியர் சங்க மலருக்கு உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதித் தாங்க. சிரிப்பா இருக்கணும், கேட்டேளா?" என்று செல்வி போனில் சொன்னாள். நான் வேலை பார்த்த ஆபீஸில், நான் உட்கார்ந்த அதே ஆடுகிற நாற்காலியில் இப்போது உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிற பெண். விவசாயிகளுக்கு அரசு மானியத்தில் கருவிகள் வாங்கித் தருகிற ஆபீஸ் அது.

சிரிப்பாக எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் சும்மா போனை வைத்திருக்கலாம். "இப்ப எல்லாம் மாறிட்டு அண்ணாச்சி. விவசாயி செல்போனப் பாத்துக் கண்ணச் சிமிட்டினாத்தான் ஆப் ஒத்துக்கிடும்" என்றாள். "அப்படியா, மெஷின் எல்லாம் உடனே போயிருதா?" என்று கேட்டேன். "இல்ல அண்ணாச்சி, பவர் டில்லரெல்லாம் ஆபீஸ் முத்தத்துலதான் நனைஞ்சுக்கிட்டு நிக்கு. விழா தேதி இன்னும் வரல" என்றாள்.

அதோடு என் சிரிப்பு போயிற்று. ஆகவே, வாசகர்களே, இது பாதி சிரிப்பாகவும் மீதி வயிற்றெரிச்சலாகவும் இருக்கும். மீதி கொஞ்சம் அதிகம்.

என்னைப் பற்றி ஒன்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். வேலைக்கான நேர்முகத் தேர்வில் "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டதற்கே நான்கு துண்டாகத்தான் பதில் சொன்னேன். எப்படி எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. பயிற்சிக் காலத்தில் இஞ்சினைப் பிரித்து மாட்டக் கற்றுக் கொடுத்தார்கள். பிரிக்க நன்றாகக் கற்றுக்கொண்டேன். பிறகு தென்காசிப் பக்கம் போட்டார்கள். விருப்ப ஓய்வு வாங்கும்வரை அங்கேயேதான் விக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலை என்னவென்று வெளியே பலருக்குத் தெரியாது. மானியம் என்றால் அரசாங்கம் சும்மா தூக்கிக் கொடுக்கிறது என்று நினைக்கிறார்கள். பின்னால் நடந்து பிடித்து ஓட்டுகிற சின்ன உழவு மெஷினான பவர் டில்லருக்கு எங்கள் பக்கத்தில் நடைமுறை இதுதான்: விவசாயி விண்ணப்பம் போட வேண்டும். பட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் வைக்க வேண்டும். நாங்கள் போய் நிலத்தைப் பார்ப்போம். உத்தரவு கொடுப்போம். அதன் பிறகு விலையை முழுசாக விவசாயிதான் முதலில் கட்ட வேண்டும். நகையை அடகு வைப்பாரோ மாட்டை விற்பாரோ, அது அவர் பாடு. மெஷின் அவர் கைக்குப் போய், வயலில் ஓடுகிறது என்று நாங்கள் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் மானியம் அவர் கணக்குக்கு வரும். பின்னேற்பு மானியம் என்று அதற்குப் பெயர். அதாவது விவசாயி முன்னால் செத்துச் செத்துக் கட்டுவார், அரசாங்கம் பின்னால் மெதுவாக நடந்து வரும்.

அப்படிப் பார்த்து எழுதுவதில் ஒரு சின்னக் கலை உண்டு. இஞ்சினிலும் சேஸிஸிலும் எண் வெட்டியிருப்பார்கள். அதன் மேல் வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் ஏறி வரும். இந்த எண் மெஷின் இந்த விவசாயியுடையது, வேறு யாருக்கும் விற்கப்படவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. என் கை நடுங்கும் கையென்பதால் எனக்கு இந்த வேலை நன்றாக வரும். நான் தேய்க்கக்கூட வேண்டாம், தாளில் பென்சிலை வைத்தால் போதும்.

சட்டப்படி இவ்வளவுதான். இதில் எங்கேயும் விழா கிடையாது.

விழாவைக் கொண்டுவந்தவர் எங்கள் மேலதிகாரி. அவர் பெயர் வேண்டாம். ஆபீஸில் நாங்கள் அவரைப் 'பண்ணிருவோம் சார்' என்போம். குரலை உயர்த்தவே மாட்டார். யார் என்ன கேட்டாலும் மெல்லச் சிரித்து "பண்ணிருவோம்" என்பார். முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. முடிந்த காரியத்தையும் பார்த்ததில்லை. அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான்: போட்டோ. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சீப்பு இருக்கும். மேடைக்கு வருகிற விவசாயியைப் பிடித்து நிறுத்தி, அவர் தலையை இவரே சீவிவிடுவார். துண்டை இழுத்துச் சரிசெய்வார். "சந்தோஷமா சிரிங்க" என்பார். பிரமுகர் கொடுப்பார், விவசாயி சிரிப்பார், படம் எடுப்பார்கள். எடுத்ததும் பொருளைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வோம். அடுத்த ஊர் விழாவுக்கு வேண்டுமே.

ஒருமுறை இப்படித்தான் ராயகிரிப் பெரியவர் ஒருவருக்கு நெல் காயப்போடும் தார்ப்பாயை விழாவில் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டோம். உண்மையான தார்ப்பாய் வந்து சேருவதற்குள் அவர் நெல் மழையில் முளைத்துவிட்டது. ஆபீஸுக்கு வந்தார். சுவரில் மாட்டியிருந்த படத்தில் தன்னைத் தானே பார்த்தார்.

"படத்துல நான் வாங்கிட்டு நிக்கேன். வீட்ல வெறுங்கையோட நிக்கேன். இதுல எவன்யா நானு?" என்றார்.

எனக்கு விக்கல் வந்தது. அவர் தண்ணீர் கொடுத்தார்.

இனி பேச்சியம்மாள் கதைக்கு வருகிறேன். இலஞ்சிப் பக்கம் அவளுக்கு ஒரு கோட்டை விதைப்பாடு, ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர், இருந்தது. புருஷன் கேரளாவில் கட்டட வேலை. நாற்பது வயசிருக்கும், வாய் மட்டும் அறுபது வயசு. டிராக்டர்காரர்கள் பெரிய வயல்களை முடித்துவிட்டுத்தான் சின்ன வயலுக்கு வருவார்கள், அதற்குள் முறைத்தண்ணீர் அடுத்த மடைக்குப் போய்விடும் என்பதால் சொந்தமாகப் பவர் டில்லர் வாங்க விண்ணப்பம் போட்டாள். கழுத்தில் கிடந்ததை வங்கியில் வைத்து முழு விலையும் கட்டினாள். மெஷின் எங்கள் ஆபீஸ் முற்றத்தில் வந்து இறங்கியது. கம்பெனிக்காரன் ஓட்டிக் காட்டியபோது ஒரே நாளில் பழகிக்கொண்டாள். கார் பருவ நெல் சாகுபடிக்கு நாற்றும் பாவிவிட்டாள்.

பண்ணிருவோம் சார் மெஷினைக் கொடுக்கவில்லை. விழாவில்தான் கொடுக்க வேண்டுமாம்.

விழா குற்றாலத்தில். ஏன் குற்றாலத்தில் என்று கேட்கிறீர்களா? சீசன். விழாவுக்கு வருகிற பிரமுகர் அப்படியே அருவியில் குளித்துவிட்டுப் போகலாம். முதலில் தேதி வைத்தார்கள். அருவியில் தண்ணீர் நூல் மாதிரி விழுகிறது என்று தள்ளி வைத்தார்கள். பிறகு மலையில் நல்ல மழை. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று மறுபடி தள்ளி வைத்தார்கள். அந்த வெள்ளம் சிற்றாற்றில் இறங்கி, வாய்க்கால் வழியாகப் பேச்சியம்மாள் மடைக்கு வந்து, வயலில் உழ ஆள் இல்லாமல் அப்படியே கீழே போனது. இதை எழுதும்போது இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது. ஒருத்தர் தலையில் விழ வேண்டிய தண்ணீருக்காக ஒருத்தி வயலில் நிற்க வேண்டிய தண்ணீர் வீணாயிற்று. இது நிர்வாகமா, குளியலறையா?

அவள் ஆபீஸுக்கு நடையாய் நடந்தாள்.

"சார், மெஷினத் தாங்க சார். நாத்து முத்துது."

"பண்ணிருவோம்மா."

"எப்ப சார்?"

"பண்ணிருவோம்."

வெளியே வந்து என்னிடம் கேட்டாள்: "சார், இவ்வொ 'பண்ணிருவோம்'னு சொன்னா செய்வாவளா, செய்ய மாட்டாவளா?"

"விக்" என்றேன்.

"சரிதான்" என்று போய்விட்டாள்.

கடைசியில் அருவியில் தண்ணீர் அளவாக விழுந்த ஒரு நாளில் விழா நடந்தது. மண்டபத்து வாசலில் ஒரே ஒரு பவர் டில்லர், பேச்சியம்மாளுடையது. கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தோம். காலையில் குற்றாலத்தில் இதைக் காட்டி எல்லாப் பயனாளிகளுக்கும் படம் எடுப்பது, மத்தியானம் இதையே லாரியில் ஏற்றிச் சுரண்டை விழாவுக்குக் கொண்டுபோவது என்று சாரின் திட்டம். மற்ற மெஷின்களைப் பெட்டியிலிருந்து பிரிக்கும் செலவு மிச்சம்.

பிரமுகர் கையில் கொடுக்க ஏதாவது வேண்டுமே. மெஷினைத் தூக்கிக் கொடுக்க முடியாது. அதற்காகத் தெர்மாகோலில் ஆளுயரத்தில் பாதி வருகிற ஒரு சாவி செய்து, தங்க நிறத் தாள் ஒட்டி வைத்திருந்தார் சார். ஒவ்வொரு பயனாளியும் அதை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டதும், ஓடிப்போய்த் திரும்ப வாங்கி அடுத்தவருக்குத் தயாராகப் பிரமுகரிடம் கொடுப்பது என் வேலை. அரசுப் பணியில் நான் மிக வேகமாகச் செய்த வேலை அதுதான்.

கடைசி ஆளாகப் பேச்சியம்மாள் முறை வந்தது. சார் சீப்போடு போனார்.

"சார், எம் புருசனே எந்தலையத் தொட்டுச் சீவுனதில்ல" என்றாள்.

சார் சீப்பைச் சட்டென்று பைக்குள் போட்டதை அன்றுதான் பார்த்தேன். அவள் மேடை ஏறினாள், சாவியை வாங்கினாள், சிரிக்கவில்லை. இறங்கி வந்து, "இந்தாங்க சார், உங்க சாவி" என்று என் கையில் தந்துவிட்டு வாசல் பக்கம் போனாள். பிரமுகர் மைக்கைப் பிடித்து உழவர் பெருமையைப் பேச ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே டட டட டட என்று சத்தம். ஜெனரேட்டர் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிரமுகர் குரலை உயர்த்தினார். சத்தம் தூரமாகப் போனது. சார் வாசலை எட்டிப் பார்த்தார். மெஷின் நின்ற இடத்தில் மாலையிலிருந்து உதிர்ந்த செவ்வந்திப் பூ மட்டும் கிடந்தது.

"தம்பி" என்றார் மெல்ல. அந்த 'தம்பி'யில் என் வேலை, பென்ஷன் எல்லாம் எரிந்து முடிந்திருந்தது.

சாவியை இடுக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் பாய்ந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. ஒரு கையில் தெர்மாகோல், ஒரு கையில் ஹேண்டில், தொண்டையில் விக்கல். அருவிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"தம்பி, சாவி யார்ட்ட இருக்கு?"

"என்ட்டதான் சார்."

"சாவி நம்மட்ட இருக்கும்போது அவ எப்படி ஓட்டிட்டுப் போனா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். எத்தனையோ பவர் டில்லர்களுக்குக் கையெழுத்துப் போட்டவர் கேட்கிறார்.

"சார்... விக்... அந்த மெஷினுக்குச் சாவியே கிடையாது சார். கைப்பிடி போட்டுச் சுத்தினா ஸ்டார்ட் ஆகிரும்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார்.

பவர் டில்லர் ரோட்டில் போகிற வேகத்துக்கு நடந்தே பிடித்திருக்கலாம். நான் பதற்றத்தில் இலஞ்சி விலக்கைத் தாண்டி நேரே தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டேன். அங்கே ஒரு ஆட்டோக்காரரிடம், "அண்ணாச்சி, மாலை போட்ட பவர் டில்லர் ஒண்ணு இந்தப் பக்கம் போச்சா?" என்று கேட்டேன். அவர் என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். "பொண்ணு ஓடிப் போயிட்டாளா மாப்ள?" என்றார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அவள் நிலத்தை அளந்து பார்த்ததே நான்தான். உழுகிற மெஷினை எடுத்துக்கொண்டு ஒருத்தி வயலுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்கா வருவாள்?

இலஞ்சிக்குத் திரும்பினேன். அவள் வயலில் இறங்கி, இரும்புச் சக்கரம் மாட்டி, சேற்றைக் கலக்கித் தொளி அடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் கழுத்தில் மாலை அப்படியே கிடந்தது. வரப்பின் ஒரு பக்கம் பெண்கள் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் மடையில் தண்ணீர் திறந்திருந்தது. நான் வரப்பில் சாவியோடு நின்றேன். மறுபடியும் போன்.

"மெஷின் ரெண்டு மணிக்குள்ள சுரண்டைக்கு வரணும் தம்பி. வரலன்னா அவ மானியத்த நிறுத்திருவேன்னு சொல்லு. அரசாங்க விழாவுல திருடினான்னு போலீஸ்லயும் குடுப்பேன்." அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். விக்கலுக்கு நடுவே சொன்னதால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். பிறகு நிறுத்தினாள்.

"யாரு சார் திருடி? முழு வெலையும் கட்டினது நானு. என் மெஷின எங்கிட்டத் தராம முத்தத்துல பூட்டி வச்சது யாரு? அதுக்கு எந்தப் போலீஸ்ல சொல்லணும்?"

அவள் வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினாள்.

"மடையில தண்ணி இன்னைக்குச் சாயங்காலம் மட்டும்தான் சார் எனக்கு. பொறவு அடுத்த ஆளுக்குத் திருப்பிருவாவ. நாத்தப் பாருங்க, எப்படி முத்திப் போயிருக்கு. இன்னைக்கு விட்டா மாட்டுக்குத்தான் போடணும். நீங்க மெஷினக் கொண்டுபோறியன்னா கொண்டுபோங்க. நாத்தையும் சேத்துக் கொண்டுபோயி உங்க சாருக்கு மாலை கட்டிப் போடுங்க."

நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து, "ஏட்டி, அந்தச் சாரு கையில என்னட்டி? கோயிலுக்கு நேர்ந்துவிட்டதா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த இடத்தில் நான் வீரமாகப் போனை எடுத்து, "சார், நீங்கள் செய்வது அநியாயம்" என்று முழங்கினேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. போன் அடித்தது. எடுத்தேன். "சார், மெஷின் சேத்துக்குள்ள நிக்கு. இப்ப எடுக்க முடியாது" என்றேன். அது முழு உண்மை. சேற்றில் நிற்பதற்காகச் செய்த மெஷின் சேற்றில் நின்றது. "எப்ப எடுக்கலாம்?" என்றார் சார். எனக்கு அதுவரை இல்லாத ஒரு தெம்பு எங்கிருந்தோ வந்தது.

"பண்ணிருவோம் சார்" என்றேன்.

விக்கல் நின்றுவிட்டது.

பையிலிருந்து தாளையும் பென்சிலையும் எடுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். மெஷின் சூட்டில் விரல் பொள்ள, இஞ்சினிலும் சேஸிஸிலும் இருந்த எண்களைத் தாளில் தேய்த்து எடுத்தேன். மெஷின் பயனாளி வயலில் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்க வேண்டும் என்பதுதானே விதி? என் பணிக் காலத்தில் அந்த விதி எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது அன்றுதான். முழங்கால்வரை சேறும் சீவாத தலையுமாக அவளை மெஷினோடு படம் எடுத்து, அறிக்கை எழுதி, மறுநாளே சார் மேஜையில் வைத்தேன். நாற்று முற்றியிருந்ததால் கொஞ்சம் கருகிப் போனது. மற்றதெல்லாம் வேர் பிடித்தது.

சுரண்டை விழாவில் மெஷினும் இல்லை, சாவியும் இல்லை. பிரமுகரின் டிரைவரிடம் கார்ச் சாவியை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்தார்களாம்.

சார் போலீஸுக்குப் போகவில்லை. போனால் முற்றத்தில் மெஷின் ஏன் அத்தனை நாள் நின்றது என்று கேட்பார்களே. ஆனால் கோப்பைத் திருப்பி அனுப்பினார். 'புகைப்படத்தில் சாவி காணப்படவில்லை' என்று குறிப்பு. சாவி இல்லாத மெஷினுக்குச் சாவி காணப்படவில்லை! நான் மறுபடி வைத்தேன், மறுபடி வந்தது. கதிர் வாங்கியது, பால் பிடித்தது, நெல் பழுத்தது. வங்கியில் அவள் நகைக்கு வட்டி ஏறியது. மானியம் வரவில்லை.

கடைசியில் ஒரு நாள் அந்தத் தெர்மாகோல் சாவியைத் தூக்கிக்கொண்டு அவள் வயலுக்குப் போனேன். என் வாழ்க்கையில் எத்தனையோ முறை பயத்தில் தலைகுனிந்திருக்கிறேன். அன்று வெட்கத்தில் குனிந்தேன். விளைந்த நெல்லுக்கு நடுவே அவளை மெஷினோடு நிறுத்தி, கையில் சாவியைக் கொடுத்தேன்.

"இதுக்குத்தான் சார் என் பணம் நின்னுச்சா?"

"ஆமாம்மா."

"இந்தத் தெர்மாகோலுக்கு?"

"ஆமாம்மா."

படம் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் அந்தச் சாவியாலேயே யாரையோ அடிக்கப் போகிறாள் என்று தெரியும். சார் மட்டும் அதைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மானியம் அவள் கணக்குக்குப் போனது.

படம் எடுத்து முடித்ததும் பழக்க தோஷத்தில் சாவியை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. "மொதத் தடவ திருப்பித் தந்தேன்லா? இந்தத் தடவ தர மாட்டேன். நான் கெட்டின வட்டிக்கு இதாவது மிஞ்சட்டும்" என்றாள். ஒரு கம்பில் கட்டி, நெல்லுக்குக் காவலாக வயல் நடுவே நட்டு வைத்தாள். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். தங்கத் தாள் உரிந்து, மழையில் ஊறி நின்றது. அதன் மேல் ஒரு காக்கா சௌகரியமாக உட்கார்ந்து நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செல்வி, நீ கேட்ட சிரிப்பு இவ்வளவுதான். இனி எழுதுவது உனக்கு மட்டும்.

விதியில் விழா கிடையாது. சீப்பு கிடையாது. பணம் கட்டினவர் வந்து கேட்டால் மெஷினைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வருஷமும் மலையில் மழை விழுந்துவிட்டது, மடையில் தண்ணீர் வந்துவிட்டது, யார் குளிக்கவும் அது காத்திருக்காது. பவர் டில்லருக்குத்தான் சாவி இல்லை. முற்றத்துக் கேட்டுக்கு உண்டு. நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு வலது பக்கம், கீழ் டிராயரில், பழைய பென்சில்களுக்கு அடியில் கிடக்கும்.

எடுக்கும்போது விக்கல் வரும். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டைத் திற.